தம்பி கடை

என் நாத்தனாருக்கு ராசியான கை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். அவர் கையால் தண்ணீர் ஊற்றினால் பட்டுப்போன செடி துளிர்க்குமாம், அவர் முதல் வெட்டு வெட்டிக் கொடுத்தால் தோல் வீணாகாதாம், அவர் போன் செய்தால் யார் போனையும் எடுக்காத அதிகாரிகூட எடுத்துவிடுவானாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போன பாட்டு இது. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் என்னை ‘ஏய்’ என்பார், ‘ஏண்டி’ என்பார், ரொம்பப் பாசம் பொங்கினால் ‘மூதேவி’ என்பார்.

அண்ணிக்கு இடது கால் வலது காலைவிட இரண்டு அளவு சின்னது. பிறவியிலேயே அப்படி. இரண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போடும் வசதி அந்த வீட்டில் கிடையாது. இடது காலணிக்குள் கந்தல் துணியைத் திணித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவர், வேலைக்கும் அப்படியே போனார். இவர், அதாவது என் கணவர், காலணி ஃபேக்டரியில் சேர்ந்து தோல் வெட்டக் கற்றுக்கொண்டதும் முதல் காரியமாக அக்காவுக்கு அளவெடுத்து ஒரு ஜோடி செய்து கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அண்ணி பஸ் டிப்போவுக்குப் போனார். டிக்கெட் கணக்குப் பார்க்கும் வேலை அவருக்கு. அங்கே ஒருவர் கேட்டார், அவருக்குத் தெரிந்த இன்னொருவர் கேட்டார். கேட்டுக்கொண்டே போனதில் அதுவே எங்கள் பிழைப்பாகிவிட்டது.

கடை என்று சொன்னதும் ஷட்டரும் போர்டுமாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எங்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் இவருடைய வெட்டுமேசை, பக்கத்தில் தையல் மெஷின், அலமாரி நிறைய மரத்தில் செய்த கால் அச்சுகள். ஒன்றுக்குக்கூட ஜோடி கிடையாது. இடது ஐந்து, வலது ஏழு. வலது எட்டு, இடது ஒன்பது, அதிலும் குதிகால் ஒரு விரல் உயரம். ஒரு கால் மட்டும் உள்ளவர்களுக்கு ஒற்றைக் காலணி, பாதி விலை. மூலையில் பசை வாசனைக்கு நடுவே என் கம்ப்யூட்டர். கடை அதற்குள்தான் இருக்கிறது. ஒரே ஊரில் இத்தனை சமமில்லாத கால்கள் கிடைத்துவிடாதே. வாடிக்கையாளர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து படம் அனுப்புவார்கள், கார்டில் பணம் கட்டுவார்கள், இவர் வெட்டுவார். முன்கூட்டியே பணம் வாங்காமல் செய்ய முடியாது. ஒருவருக்கென்று செய்த ஜோடியை உலகத்தில் வேறு யாருக்கும் விற்க முடியாது, அதுதான் இந்தத் தொழிலின் வினை.

அண்ணி ஓய்வு பெற்றதும் கடைக்குப் போணி செய்யும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. தினமும் காலையில் குளித்து முடித்துவிட்டுத் தன் போனில் எங்கள் கடையைத் திறப்பார். இருப்பதிலேயே மலிவான பொருளான ஒரு ஜோடி நாடாவை வாங்குவார், தன் கார்டில் பணம் கட்டுவார். அடுத்த நிமிஷம் எனக்குப் போன் வரும். “போணி ஆச்சுடி. இனிமே உன் சமத்து.” சாயங்காலம் நான் அந்த ஆர்டரை ரத்து செய்து பணத்தை அவர் கார்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவேன். அக்காவின் பென்ஷன் காசு நமக்கு வேண்டாம் என்பது இவர் போட்ட உத்தரவு. அண்ணிக்கும் அது தெரியும்.

காசு திரும்பிப் போகிறதென்றால் அது என்ன போணி, கண்கட்டு வித்தையா என்று ஒருமுறை வாயை விட்டேன். அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “காலையில முதல் கை நல்ல கையா இருந்துச்சா, அதோட சரி. சாயங்காலம் உன் பொட்டிக்குள்ள என்ன நடந்தா எனக்கென்ன?” என்றார். கேலி செய்தேனே தவிர, அண்ணிக்குக் காய்ச்சல் வந்து போணி விட்டுப்போன நாட்களில் ஆர்டர் வரவில்லையென்றால் எனக்கும் உள்ளுக்குள் ஒரு மாதிரி இருக்கும். இதை அவரிடம் ஒப்புக்கொண்டதில்லை.

கார்டுப் பணத்தை வாங்கி எங்கள் கணக்கில் சேர்க்கும் வேலையை அப்போது ஒரு வங்கி பார்த்தது. அங்கே ஓர் அலுவலர் இருந்தார், தொண்டை கட்டிய குரல். அவர் ஒருநாள் கூப்பிட்டு, என்னம்மா இது, ஒரே கார்டு தினமும் நாடா வாங்குகிறது, தினமும் திருப்பித் தருகிறீர்கள் என்று கேட்டார். போணி என்றேன். ஓ என்று சிரித்தார். அவருடைய அம்மா பழக்கடை வைத்திருந்தாராம், முதல் ஆரஞ்சைத் தன் பிள்ளையிடமே விற்று, மதியம் காசைத் திருப்பிக் கொடுப்பாராம். அதற்குப் பிறகு வங்கியிலிருந்து யாரும் நாடாவைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு அந்த வங்கிக்கு எங்களைப் போன்ற சில்லறைக் கடைகள் சலித்துவிட்டன. இன்னும் சிறப்பான சேவைக்காக உங்களை ஒரு பேமெண்ட் கம்பெனியிடம் ஒப்படைக்கிறோம் என்று கடிதம் வந்தது. சிறப்பான சேவை என்று எவனாவது சொன்னால் மடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான்கூட நல்லதுதானே என்றேன்.

மாறிய முதல் வாரமே, வாடிக்கையாளர்கள் எங்களிடம் சேமித்து வைத்திருந்த கார்டு விவரமெல்லாம் அழிந்துபோனது. எல்லோரும் மறுபடி எண்ணை அடிக்க வேண்டும். அடித்தால் போனுக்கு ஒரு குறியீடு வரும், அதையும் அடிக்க வேண்டும். வயதானவர் ஒருவர், கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள் குறியீடு காலாவதியாகிவிடுகிறது, நான் வெறுங்காலோடு நடந்துகொள்கிறேன் என்று எழுதினார். பாதிப் பேர் பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, கடையை மூடிவிட்டீர்களா என்று கேட்டார்கள். நான் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடாத குறையாகச் சொல்லிக் கொடுத்தேன். பாதுகாப்புக்காகத்தான் இதெல்லாம் என்று அந்தக் கம்பெனியின் மின்னஞ்சல்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. யாருடைய பாதுகாப்பு என்று ஒன்றில்கூட எழுதியிருக்கவில்லை.

எப்படியோ தட்டுத்தடுமாறி வண்டி ஓட ஆரம்பித்தபோதுதான் அது வந்தது. உங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. காரணம்: போலி விற்பனை என்று சந்தேகிக்கப்படும் பரிவர்த்தனைகள். கீழே ஒரு பட்டியல். முழுக்க நாடா. ஒரே கார்டு, தினமும் காலையில் வாங்கி, தினமும் சாயங்காலம் திரும்பிய நாடா. பட்டறையில் அரைகுறையாகக் கிடந்த ஜோடிகளுக்கு வந்திருந்த பணத்தையும் கட்டியவர்களுக்கே திருப்பிவிட்டிருந்தார்கள். கடையைத் திறந்து பார்த்தேன். பணம் கட்டும் இடத்தில், இந்த வணிகர் தற்போது பணம் பெற இயலாது என்று இருந்தது. ஏதோ நாங்கள் மூர்ச்சையாகிக் கிடப்பது போல.

விளக்கம் தர ஒரு வாய்ப்பு உண்டு என்றார்கள். அதற்கு ஒரு பக்கம் திறந்தது. இந்தப் பரிவர்த்தனைகளின் நோக்கம் என்ன என்று கேட்டு, தேர்ந்தெடுப்பதற்கு நான்கைந்து வார்த்தைகள் கொடுத்திருந்தார்கள். தொழில்நுட்பச் சோதனை. தவறுதல். வாடிக்கையாளர் மனமாற்றம். மோசடி. பிற. நான் போணியை அதற்குள் தேடினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் தேடினேன். ‘பிற’ என்பதை அழுத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன். நாளின் முதல் விற்பனை ராசியான கையால் நடக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை என்று ஆரம்பித்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

எங்களுக்கு வரிக்கணக்குப் பார்க்கும் கணக்குக்காரரிடம் கேட்டோம். நல்ல மனிதர், கெட்ட செய்தியை மட்டும் தெளிவாகச் சொல்லக்கூடியவர். அனுப்பாதீர்கள் என்றார். கடைக்காரரின் சொந்தக்காரர் தன் கார்டைப் போட்டு வாங்கித் திருப்பிக் கொடுத்தால், இவர்கள் பாஷையில் அதற்குப் பெயரே போலி விற்பனைதானாம். நீங்களே ஒப்புக்கொண்டால் உங்கள் பெயர் ஒரு பொதுப் பட்டியலுக்குப் போகும், அந்தப் பட்டியலை எல்லா பேமெண்ட் கம்பெனியும் பார்க்கும், பிறகு எவனும் உங்களுக்குக் கார்டு வசதி தரமாட்டான் என்றார். அப்படியானால் என்ன செய்வது என்று கேட்டோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தம்மா உங்களுக்கு யாரோ, தினமும் ஆசைப்பட்டு வாங்கி, தினமும் மனசு மாறுகிறவர் என்று போடுங்கள் என்றார். முகவரி வேறு, வங்கி வேறு, கார்டில் இருக்கும் பெயரை வைத்து யாரும் உறவு கண்டுபிடிக்க முடியாது.

இவருக்கு அது பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து வெட்டுமேசையில் உட்கார்ந்து, வெட்டாமல் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். அங்கே வந்து உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்க்காமலே சொன்னார், “கடை போனா போகட்டும். அக்காவ யாரோன்னு நான் எழுத மாட்டேன்.” அண்ணிக்கு விஷயத்தை மறைக்கத்தான் நினைத்தோம், ஆனால் அன்று காலை போணி ஆகாமல் மூன்று தடவை முயன்று, என்னமோ ஏதோ என்று நேரே நடந்தே வந்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் தம்பியை அதட்டினார். ஃபேக்டரியை விட்டுவிட்டு வந்தவனுக்கு இந்த வயதில் எவன் வேலை தருவான், பட்டறையில் அரைகுறையாகக் கிடக்கும் செருப்பெல்லாம் யார் காலுக்கு என்று கேட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“நீ எழுதுடி. காகிதத்துல எழுதினா உறவு அத்துப்போயிடுமா என்ன?”

நான் ‘வாடிக்கையாளர் மனமாற்றம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். கார்டு உரிமையாளருக்கும் கடைக்கும் உள்ள உறவு என்ற இடத்தில் ‘இல்லை’ என்று அடித்தேன். அண்ணி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடித்து முடித்ததும் டீ போடுகிறேன் என்று உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் அடுப்பே பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு நாளில் பதில் வந்தது. கார்டு உரிமையாளரிடம் நேரடியாகப் பேசி உறுதி செய்வோம், அந்த உரையாடல் பதிவு செய்யப்படும் என்று இருந்தது. நாங்கள் அண்ணிக்குப் பாடம் நடத்தினோம். நான்தான் அதிகாரி. அந்தக் கடைக்காரரைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். பின் ஏன் தினமும் வாங்கினீர்கள்? நிறம் பிடிக்கவில்லை என்றார். தினமுமா? தினமும்தான், எனக்கு ஒரு நிறமும் பிடிக்காது என்றார். அவர் சொன்ன தோரணையில் இவர்கூடச் சிரித்துவிட்டார். அந்த நாட்களில் அவர் சிரித்தது அது ஒருமுறைதான்.

ஒன்றில் மட்டும் அண்ணி திரும்பத் திரும்பக் கோட்டைவிட்டார். தன்னைவிடச் சின்னவன் யாராக இருந்தாலும் அவருக்குத் தம்பிதான். பஸ் கண்டக்டர் தம்பி, கேஸ் கொண்டுவருபவர் தம்பி, அவர் பென்ஷனில் தப்புச் செய்த அதிகாரியையும் தம்பி தம்பி என்று கூப்பிட்டுத்தான் திட்டினார். அதிகாரியைத் தம்பி என்று சொன்னால் மரியாதையாக இருக்காது, சார் என்று சொல்லுங்கள் என்றேன். எனக்கு மரியாதைதான் முக்கியமாகப் பட்டது. வேறு எதுவும் தோன்றவில்லை.

போன் மறுநாள் மதியம் வந்தது. முன்னறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம், ஸ்பீக்கரில் போட்டோம். இளைஞன் குரல். எழுதி வைத்ததைப் படிப்பது போலப் பேசினாலும் பண்பாகத்தான் பேசினான். அண்ணி ஜம்மென்று பதில் சொன்னார். தெரியாது சார். நிறம் பிடிக்கலை சார். நான்தான் திருப்பி எடுத்துக்கச் சொன்னேன் சார். இவர் தலையைக் குனிந்துகொண்டு தன் கட்டைவிரல் காய்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தப் பையன், கடையின் மேல் உங்களுக்கு ஏதாவது புகார் உண்டா, உங்களை ஏமாற்றினார்களா என்று கேட்டான்.

அண்ணிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரே மூச்சில் சொன்னார்.

“சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி கடை நல்ல கடைதான்.”

சரிங்கம்மா, ரொம்ப நன்றி என்று வைத்துவிட்டான். அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டு, கடைசியில் தம்பின்னு சொல்லித் தொலைச்சிட்டேனே என்றார். பரவாயில்லை, அவன் கோபப்படவில்லை என்று நான் தேற்றினேன். அன்று எங்களுக்கு ஏதோ தேர்வில் பாஸாகிவிட்டது போல இருந்தது. இவர் நிறுத்தி வைத்திருந்த ஒரு ஜோடியை எடுத்து விளிம்பு தைக்க ஆரம்பித்தார். ஒரு சின்னப் பெண்ணுக்கு உரியது. அந்தக் குழந்தையின் கால்கள் வளர்கிற வேகமும் வேறு வேறு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது அளவு வரும். அதன் அம்மா, பணம் கட்ட முடியவில்லை, பழையது கடிக்கிறது என்று எழுதிக்கொண்டே இருந்தார். இந்த வாரம் சரியாகிவிடும் என்று நான் பதில் போட்டேன்.

முடிவு வந்தது. உங்கள் விளக்கம் ஏற்கப்படவில்லை, கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது. ஆதாரமாக அண்ணியின் பேச்சைக் கம்ப்யூட்டர் கேட்டு எழுதிய பிரதியை இணைத்திருந்தார்கள். ஒரு வரிக்கு மஞ்சள் அடித்திருந்தது. அதில் இப்படி இருந்தது:

‘அதெல்லாம் ஒன்றுமில்லை. தம்பி கடை நல்ல கடைதான்.’

தம்பிக்குப் பின்னால் நிற்க வேண்டிய புள்ளி முன்னால் போய் நின்றுவிட்டது. அவ்வளவுதான். பக்கத்தில் குறிப்பு: கடை தன் தம்பிக்குச் சொந்தமானது என்று கார்டு உரிமையாளரே உறுதி செய்துள்ளார். உறவை மறைத்தது கூடுதல் விதிமீறல்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி நடுத்தெருவில் போட்டு உடைத்திருப்பேன். ஒன்றும் தெரியாத ஒரு மெஷின், பேச்சில் எங்கே மூச்சு விடுகிறார்கள் என்றுகூடத் தெரியாத ஒன்று, எங்கள் சோற்றில் கை வைப்பதா? இரவு பகல் பாராமல் எழுதினேன். தம்பி என்பது விளிச்சொல், எங்கள் பேச்சில் இளையவர் எல்லோரும் தம்பிதான், அவர் உங்கள் ஊழியரைத்தான் அப்படிக் கூப்பிட்டார், தயவுசெய்து பதிவை ஒரு மனிதர் கேட்கட்டும் என்று கெஞ்சினேன். எடுத்துக்கொண்டு கணக்குக்காரரிடம் ஓடினேன். அவர் முழுவதும் படித்தார். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். பிறகு கேட்டார்.

“எல்லாம் சரிம்மா. ஆனா அது அந்தம்மாவோட தம்பி கடைதானே?”

கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டேன். அந்த மெஷின் தப்பாகக் கேட்டு, சரியாக எழுதிவிட்டது. அது தப்பு என்று நிரூபிக்க நாங்கள் இன்னொரு பொய் சொல்ல வேண்டும், அதற்கு அண்ணியை மறுபடி போனில் உட்கார வைத்துத் தம்பியைத் தெரியாது என்று சொல்ல வைக்க வேண்டும். என்றாலும் கடிதத்தை அனுப்பினேன். பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை என்று கை சொடுக்கும் நேரத்தில் பதில் வந்தது. அவ்வளவு வேகத்தில் படிக்க எந்த மனிதனாலும் முடியாது.

அதற்குப் பிறகு நான் மற்ற பேமெண்ட் கம்பெனிகளின் வாசல்களையெல்லாம் தட்டினேன். எல்லோரும் முதல் நாள் வாயெல்லாம் பல்லாக வரவேற்பார்கள், என் பெயரையும் இவர் பெயரையும் வாங்கிக்கொள்வார்கள், இரண்டாம் நாள் மன்னிக்கவும் என்பார்கள். காரணம் கேட்டால் சொல்ல அனுமதியில்லை என்பார்கள். கணக்குக்காரர் சொன்ன பட்டியலில் நாங்கள் ஏறிவிட்டோம். அதிலிருந்து எப்போது இறங்குவோம் என்று கேட்டேன். வருடக் கணக்காகும், அதுவரை கார்டை மறந்துவிடுங்கள் என்றார். வங்கி வழியாக நேரே பணம் அனுப்பச் சொல்லிப் பார்த்தோம். தூரத்து ஊர்க்காரர்களுக்கு அனுப்பும் செலவே செருப்பு விலையைத் தொட்டது. முகம் தெரியாத எங்களுக்கு யார்தான் அப்படி அனுப்புவார்கள்? அனுப்பாதவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இவர் அந்தக் குழந்தையின் செருப்பைப் பணம் வாங்காமலே அனுப்பி வைத்தார். முடிந்திருந்த மற்றவற்றையும் அப்படியே அனுப்பினார். முடியாதவை அலமாரியில் நின்றன, இடது ஆறும் வலது எட்டுமாக. பழைய செருப்பு வாங்குகிறவர்கூட எடுத்துப் பார்த்துவிட்டு, ஜோடி எங்கே என்று கேட்டார். இதுதான் ஜோடி என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பல இடங்களில் அலைந்து, பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் ஒரு கம்பெனியில் இவருக்கு வேலை கிடைத்தது. பட்டை வெட்டும் வேலை. எல்லாப் பட்டையும் ஒரே அளவு, அச்சு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். வீட்டுக்கு வந்தால் தோளை நீவிக்கொண்டு சாப்பிடுவார், படுப்பார். என்னிடம் கோபமா என்று கேட்டேன். யார் மேலும் இல்லை என்றார். யார் மேலாவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவாவது செய்திருக்கலாம்.

அண்ணியிடம் அந்த மஞ்சள் வரியைக் காட்டாமல் இருந்திருக்க வேண்டும். என்னிடம் கேட்டு வாங்கி, கண்ணாடியை ஏற்றி இறக்கி, அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். என் நாக்குல சனி என்றார், அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. போணியும் இல்லை, ராசியான கை பேச்சும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் வருவார், எனக்குத் துணி மடித்துக் கொடுப்பார், போய்விடுவார். என்னை மூதேவி என்று திட்டினால் தேவலை என்றிருக்கும்.

நான் மெல்ல மெல்லத்தான் கவனித்தேன். கேஸ் கொண்டுவரும் பையனை அண்ணி சார் என்று கூப்பிட்டார். அவன் யாரையோ சொல்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். பஸ் ஏறும்போது கண்டக்டரைச் சார் என்றார். நாங்கள் சொல்லிக் கொடுத்த பாடம், போன் முடிந்து மாதக் கணக்கான பிறகும் அவர் வாயை விட்டுப் போகவில்லை. வீட்டில் இவரை ‘இந்தாப்பா’ என்றார், ‘ஏம்ப்பா’ என்றார். சில சமயம் ஒன்றும் சொல்லாமல், இவர் திரும்பிப் பார்க்கும்வரை பக்கத்தில் வந்து நின்றார்.

இவருக்கும் தெரிந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வெட்டுமேசையை விற்றுவிட்டோம். வாங்கியவர்கள் தூக்கிக்கொண்டு போன பிறகு, ஜன்னலோரம் காலியாகக் கிடந்த இடத்தில் இவர் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். அண்ணி ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டி, இந்தாப்பா என்றார். இவர் டம்ளரை வாங்கவில்லை. அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன்க்கா, இப்பல்லாம் என்னைத் தம்பின்னே கூப்பிட மாட்டேங்குற?”

அண்ணி டம்ளரைப் பிடித்தபடியே நின்றார். பக்கத்து ஸ்டூலில் என் போன் கிடந்தது. அதை ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து, இவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“வேணாம்ப்பா. யாராவது எழுதிக்கிட்டு இருக்கப் போறாங்க.”